சாவி வந்தது, விவரம் வந்ததா?



ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறக்கிறீர்கள். காற்றுதான் வருகிறது. சம்ப் மோட்டார் நின்றுவிட்டது என்று செக்யூரிட்டி சொல்கிறார். பிளம்பர் வந்தவுடன் மூன்று கேள்விகள் கேட்கிறார்: இது எந்தக் கம்பெனி பம்ப்? என்ன மாடல்? வாரன்டி இருக்கிறதா? பம்பின் மேல் இருந்த தகடு துருவேறிப் படிக்க முடியாமல் இருக்கிறது. அசோசியேஷன் அறைக்குப் போய் பில்டர் விட்டுச்சென்ற ஃபைல்களைப் புரட்டினால் லிஃப்ட் காகிதம் இருக்கிறது, ஜெனரேட்டர் காகிதம் இருக்கிறது, பம்ப் காகிதம் மட்டும் இல்லை. கடைசியில் பம்பைக் கழற்றிக் கடைக்கே தூக்கிக்கொண்டு போகிறார்கள். அன்று முழுக்கத் தண்ணீர் லாரிதான்.

இப்படி ஒரு காலையைப் பார்க்காத அப்பார்ட்மென்ட் அரிது. இதை நாம் பில்டரின் அலட்சியம் என்றோ, முந்தைய கமிட்டியின் கவனக்குறைவு என்றோ சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் நூற்றுக்கணக்கான கட்டடங்களை வைத்திருக்கும் அமெரிக்க அரசுத் துறைகளும் இதே தலைவலியோடு போராடியிருக்கின்றன. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு விலை உயர்ந்த இயந்திரமோ மென்பொருளோ அல்ல, ஓர் அட்டவணை. அந்த அட்டவணை எப்படிப் பிறந்தது, எங்கே உதவியது, எங்கே சறுக்கியது என்ற வரலாறு நமக்கும் பயன்படும்.

பொருந்தாத குழாய்கள்

கதையை ஒரு தீ விபத்திலிருந்து தொடங்க வேண்டும். 1904 பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தீப்பிடித்தது. உள்ளூர் வண்டிகளால் சமாளிக்க முடியாமல் வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆள் இருந்தது, வண்டி இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் வெளியூர்க் குழாய்களின் இணைப்பு பால்டிமோரின் தெருக் குழாய்களில் பொருந்தவில்லை. ஒவ்வொரு ஊரும் தனக்குத் தோன்றிய அளவில் மரை வெட்டி வைத்திருந்தது. சுமார் 30 மணி நேரம் எரிந்த தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

1901இல் தொடங்கப்பட்டிருந்த அமெரிக்க தேசியத் தரநிர்ணய நிறுவனம் இதன் பிறகு அந்த இணைப்புகளை ஆராய்ந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட வகைகள் புழக்கத்தில் இருந்தது தெரியவந்தது. ஒவ்வொன்றும் அதனதன் ஊரில் நன்றாகவே வேலை செய்தது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடத்தில்தான் பிரச்சினை.

நூறாண்டு கழித்து ஒரு கணக்கு

அதே நிறுவனம் 1988இல் பெயர் மாறி, இன்று ‘நிஸ்ட்’ என்று அறியப்படுகிறது. பால்டிமோர் தீக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2004 ஆகஸ்ட்டில், அது ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. இம்முறை பொருந்தாமல் போனது இரும்புக் குழாய் அல்ல, தகவல். கட்டட வடிவமைப்பாளரின் கம்ப்யூட்டரில் இருப்பதை ஒப்பந்ததாரர் திறக்க முடிவதில்லை. ஒப்பந்ததாரர் கொடுப்பதைப் பராமரிப்பாளர் பயன்படுத்த முடிவதில்லை. இதனால் ஆகும் வீண்செலவு எவ்வளவு?

அலுவலகங்கள், தொழிற்சாலைகள் போன்ற பெரிய கட்டடங்களில் மட்டும் 2002ஆம் ஆண்டில் 1,580 கோடி டாலர் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. அதைவிட நமக்கு முக்கியமான கணக்கு அடுத்தது. இந்தச் செலவை யார் சுமக்கிறார்கள்? ஆர்க்கிடெக்ட், பொறியாளர், ஒப்பந்ததாரர், பொருள் சப்ளை செய்பவர் என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 1,060 கோடி டாலர், கட்டடத்தின் உரிமையாளர்கள் மற்றும் அதை நடத்துபவர்கள் தலையில் விழுந்தது. அதிலும் பெரும்பகுதி குடியேறிய பிறகு, பராமரிப்புக் காலத்தில்.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. கட்டுபவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். அந்த ஐம்பது ஆண்டும் வரைபடத்தைத் தேடுவது, இருக்கும் வரைபடம் சரிதானா என்று நேரில் போய்ப் பார்ப்பது, ஒரு ஃபைலில் உள்ளதை இன்னொன்றில் திரும்ப எழுதுவது எல்லாம் நம் வேலை. நாம் மாதந்தோறும் கட்டும் மெயின்டெனன்ஸில் இந்தத் தேடலுக்கான கூலியும் இருக்கிறது. பில்லில் தனி வரியாக வராததால் நம் கண்ணில் படுவதில்லை.

பெட்டி நிறையக் காகிதம்

வழக்கமான ஒப்படைப்பு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கட்டுமானம் முடியும்போது வரைபடச் சுருள்கள், இயக்கக் கையேடுகள், வாரன்டி அட்டைகள், பரிசோதனைச் சான்றுகள் எல்லாம் பெட்டிகளில் வந்து இறங்கும். பிற்காலத்தில் பெட்டிக்குப் பதில் சி.டி., பிறகு பென் டிரைவ். பெட்டி சிறியதானது, உள்ளே இருந்த குழப்பம் அப்படியே இருந்தது. ஸ்கேன் செய்த 400 பக்கக் கையேட்டில் நம் பம்ப் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

இதற்கிடையே 1990களின் நடுவில் மென்பொருள் நிறுவனங்களும் கட்டுமான நிறுவனங்களும் கூடி, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொதுவான கட்டட மாதிரி வடிவம் ஒன்றை உருவாக்கத் தொடங்கின. ‘ஐ.எஃப்.சி.’ என்ற அந்த வடிவத்தின் முதல் பதிப்பு 1997இல் வந்தது. 2013இல் அது ஐ.எஸ்.ஓ. 16739 என்ற உலகத் தரமாகவும் ஆனது. சுவர், தூண், ஜன்னல் என்று முழுக் கட்டடத்தையும் முப்பரிமாணத்தில் சொல்லக்கூடியது. வடிவமைப்பாளர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் நடு இரவில் டார்ச்சோடு பேஸ்மென்ட்டில் நிற்கும் பராமரிப்பு மேலாளருக்கு முப்பரிமாணப் படம் தேவையில்லை. எந்தக் கருவி, எங்கே, யார் கொடுத்தது, எப்போது பொருத்தியது, யாருக்குப் போன் செய்வது என்ற விவரம்தான் தேவை.

கோபி வருகிறார்

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய பில் ஈஸ்ட் என்பவர் இந்த இடத்தில்தான் கை வைத்தார். நாசாவும், வெள்ளை மாளிகையின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை அலுவலகமும் தொடக்க நிதி கொடுத்தன. 2007இல் முதல் மாதிரித் தரம் வெளிவந்தது. ‘கன்ஸ்ட்ரக்ஷன் ஆபரேஷன்ஸ் பில்டிங் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச்’ என்பது முழுப்பெயர். சுருக்கினால் ‘கோபி’. நம் பக்கத்து வீட்டு கோபி மாதிரியே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஈஸ்ட் கவனித்த விஷயம் எளிமையானது. ஒப்படைப்பின்போது கேட்கப்படும் எந்தத் தகவலும் புதியது அல்ல. அறைகளின் பட்டியல் வடிவமைப்பின்போதே தயார். எந்த மாடல் பம்ப் என்பது பொருளுக்கு ஒப்புதல் வாங்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. சீரியல் நம்பர் பொருத்தும் நாளில் மேஸ்திரியின் கண் முன்னால் இருக்கிறது. ஆனால் யாரும் அதை அப்போது சேர்த்து வைப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, மறந்தவற்றைத் தேடித் திரட்டிக் கையேடு தயாரிக்கிறார்கள். அதையே உரிமையாளரின் ஆட்கள் இன்னொரு முறை கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். தகவல் பிறக்கும்போதே, பிறக்கும் இடத்திலேயே, ஒப்புக்கொண்ட ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் இந்த இரட்டை வேலை இல்லை.

அந்தக் கட்டம் பெரும்பாலோர் கைக்கு வந்தது சாதாரண விரிதாளாக, அதாவது எக்செல் மாதிரியான அட்டவணையாக. ஐ.எஃப்.சி.யின் ஒரு பகுதியாகவும் அதே தகவலைக் கொடுக்கலாம். ஆனால் எல்லோராலும் மாடல் மென்பொருள் வாங்க முடியாது, விரிதாளைத் திறக்காத அலுவலகம் கிடையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தொடர்பு நபர்கள் ஒரு தாள். கட்டடம், தளம், இடம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தாள். பிறகு ‘வகை’, ‘கருவி’ என இரண்டு முக்கியமான தாள்கள். ஒரே மாடலில் எட்டு பம்புகள் இருந்தால், தயாரிப்பாளர், மாடல் எண், வாரன்டிக் காலம், எதிர்பார்க்கும் ஆயுள் எல்லாம் ‘வகை’த் தாளில் ஒரே முறை. ‘கருவி’த் தாளில் எட்டு வரிகள்: ஒவ்வொன்றின் சீரியல் நம்பர், பொருத்திய தேதி, வாரன்டி தொடங்கும் தேதி, அது இருக்கும் இடம். இடத்தின் பெயரை இஷ்டத்துக்கு எழுத முடியாது. ‘இடம்’ தாளில் என்ன பெயரோ அதே பெயர்தான் இங்கும் வர வேண்டும். ‘பி-பிளாக் பம்ப் ரூம்’ என்று ஒருவரும் ‘பின்பக்க மோட்டார் அறை’ என்று இன்னொருவரும் எழுதும் வழக்கம் இங்கே நின்றுவிடுகிறது.

இவற்றோடு, எந்தெந்தக் கருவி சேர்ந்து எந்த அமைப்பு என்பதற்கு ஒரு தாள், உதிரி பாகங்களுக்கு ஒன்று, செய்ய வேண்டிய பராமரிப்பு வேலைகளுக்கும் இடைவெளிக்கும் ஒன்று, ஆவணங்கள் எந்த ஃபைலில் இருக்கின்றன என்பதற்கு ஒன்று. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்கள் மஞ்சள் நிறம், வேறு தாளைச் சுட்டும் கட்டங்கள் ஆரஞ்சு. ஒவ்வொரு வரியிலும் அதை எழுதியவர் யார், எழுதிய நாள் எது என்பதும் உண்டு. ஒரு தகவல் தவறு என்று தெரிந்தால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு இது பதில்.

இந்தத் தரத்தைச் சோதித்துப் பார்க்கப் பொதுவில் வெளியிட்ட மாதிரிக் கட்டடங்களில் ஒரு மருத்துவ கிளினிக்கும் உண்டு, இரண்டே வீடுகள் கொண்ட ஒரு சின்னக் குடியிருப்பும் உண்டு. மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளிலிருந்து சரியான அட்டவணை வருகிறதா என்று இவற்றை வைத்துப் பார்த்தன. 2011 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் கோபியைத் தன் தேசியத் தரத்தில் சேர்த்தது.

பிரிட்டனில் கட்டாயம்

அதே 2011இல், மே மாதம், பிரிட்டன் அரசு தன் கட்டுமானக் கொள்கையை வெளியிட்டது. 2016க்குள் மத்திய அரசின் கட்டுமானப் பணிகள் அனைத்திலும் முப்பரிமாண மாதிரியும் அதோடு இணைந்த தகவலும் டிஜிட்டலாகத் தரப்பட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அந்தத் தகவலை ஒப்படைக்கும் வடிவமாகக் கோபி தேர்ந்தெடுக்கப்பட்டது. 2014 செப்டம்பரில் பி.எஸ். 1192-4 என்ற பிரிட்டிஷ் தரமும் வந்தது. கடைசி நாளில் மட்டுமல்லாமல், கட்டுமானத்தின் இடைக்கட்டங்களிலும் அட்டவணையை வாங்கிப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே பிரபலமானது. குழந்தைக்கு ஆண்டிறுதித் தேர்வு மட்டும் வைக்காமல் இடையிடையே தேர்வு வைப்பதைப் போல.

எல்லாம் நல்லபடி நடந்ததா என்றால் இல்லை. பல இடங்களில் உரிமையாளர் தமக்கு என்ன வேண்டும் என்று யோசிக்காமல் “கோபி கொடுங்கள்” என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினார்கள். ஒப்பந்ததாரர்கள் கதவு, ஜன்னல் என்று ஆயிரக்கணக்கான வரிகளைக் கொட்டினார்கள். அந்தக் குவியலில் பம்ப் புதைந்துபோனது. சிலர் பழைய வழக்கம்போலக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்பினார்கள். வாங்கியவர்களும் திறந்து சரிபார்க்கவில்லை. பெட்டியில் தூங்கிய காகிதத்துக்குப் பதில் சர்வரில் தூங்கும் விரிதாள்.

இன்னொரு எல்லையும் உண்டு. கோபி கருவிகளின் பட்டியல். சுவருக்குள் குழாயும் ஒயரும் ஓடும் பாதையை அது காட்டாது. அதற்கு, உண்மையில் எப்படிக் கட்டினார்களோ அப்படியே திருத்திய வரைபடம் தனியாக வேண்டும். பட்டியல் இருக்கிறதே என்று வரைபடத்தைக் கைவிட முடியாது.

லண்டனில் ஓர் இரவு

இதெல்லாம் பராமரிப்புச் செலவு பற்றிய பேச்சு மட்டுமல்ல என்பதை 2017 உணர்த்தியது. ஜூன் 14ஆம் தேதி அதிகாலை லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பில் தீப்பிடித்தது. 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம் கட்டடத்தின் வெளிப்புறத்தில் போர்த்தியிருந்த எரியக்கூடிய பலகைகள். விவரப் பட்டியல் ஒன்று இருந்திருந்தால் அத்தனை உயிரும் தப்பியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தபோது கட்டடத்தின் உள் அமைப்பைக் காட்டும் வரைபடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் கம்ப்யூட்டர் பதிவில் அந்தக் கட்டடம் பற்றி இருந்த விவரங்களும் உதவும் நிலையில் இல்லை.

2018 மே மாதம் டேம் ஜூடித் ஹாக்கிட் அளித்த அறிக்கை, ஒரு கட்டடம் வடிவமைக்கப்படும் நாளிலிருந்து அது நிற்கும் காலம் முழுவதும் அறுபடாமல் தொடரும் தகவலுக்கு ‘தங்க இழை’ என்று பெயரிட்டது. 2022இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்தில் குறைந்தது 18 மீட்டர் உயரமோ குறைந்தது ஏழு தளங்களோ கொண்ட குடியிருப்புகளுக்கு அந்தப் பொறுப்பைச் சட்டக் கடமையாக்கியது. 2023 ஜனவரி முதல் இத்தகைய உயரமான குடியிருப்புகளில் தளவாரியான வரைபடத்தைத் தீயணைப்புத் துறைக்குக் கொடுப்பதும், அதன் காகிதப் பிரதியைக் கட்டடத்திலேயே பாதுகாப்பான ஒரு பெட்டியில் வைப்பதும் கட்டாயம். டிஜிட்டல், காகிதம் இரண்டும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

நம் சட்டம் சொல்வது

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, 17ஆவது பிரிவில் இதைத் தொடுகிறது. வீடுகளை ஒப்படைத்த பிறகு, பொதுப் பகுதிகள் உட்படத் தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் வீடு வாங்கியவர்களின் சங்கத்திடம் கொடுப்பது பில்டரின் பொறுப்பு. உள்ளூர்ச் சட்டம் வேறு காலக்கெடு சொல்லாவிட்டால், பணிநிறைவுச் சான்று பெற்ற 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 14ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் கூடுதல் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால் அந்த ஆவணங்களை எந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும் என்று 17ஆவது பிரிவு சொல்லவில்லை. ஒரு பெட்டி காகிதமும் ‘ஆவணம்’தான். தகடு துருவேறிய பம்பின் கையேடு அதில் இல்லாவிட்டால், இல்லை என்று கண்டுபிடிக்கவே நமக்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் வாரன்டி முடிந்துவிடும். என்னென்ன வர வேண்டும் என்ற பட்டியல் கையில் இருந்தால்தான் எது வரவில்லை என்று கேட்க முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

கோபியின் எல்லாத் தாள்களும் நமக்குத் தேவையில்லை. ஆறு போதும்: தொடர்பு, இடம், வகை, கருவி, வேலை, ஆவணம். பிரிட்டன் செய்த தவறை நாம் செய்ய வேண்டாம். எது நின்றால் வீட்டில் வாழ்க்கை நிற்குமோ அதை மட்டும் முதலில் எழுதுவோம்: பம்புகள், லிஃப்ட், ஜெனரேட்டர், மின் பேனல்கள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், தீயணைப்பு பம்பும் வால்வுகளும், ஒவ்வொரு பிளாக்கின் தண்ணீர் மெயின் வால்வு.

பிளாக்குக்கு இரண்டு பேர் இரண்டு சனிக்கிழமை மாலைகள் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும். முதலில் இடங்களுக்குப் பெயர் வைத்து ஒப்புக்கொள்ளுங்கள். கருவியின் தகட்டைப் போனில் படமெடுங்கள். சீரியல் நம்பரைப் படத்தைப் பார்த்து ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபாருங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். எழுதியவர் பெயரும் தேதியும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும்.

பிறகு மூன்று விதிகள். ஒன்று, அட்டவணை செயலாளரின் சொந்த மின்னஞ்சலில் அல்ல, அசோசியேஷன் கணக்கில் இருக்க வேண்டும். கமிட்டி மாறும்போது அதுவும் சேர்ந்து போய்விடக் கூடாது. இரண்டு, பராமரிப்பு நிறுவனத்தின் ஆப்பில் நம் தகவல் இருந்தால், ஒப்பந்தம் முடியும் நாளில் அதைச் சாதாரண விரிதாளாகத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வோம். மூன்று, புதிய கருவி பொருத்துபவர் அதன் வரியை நிரப்பிய பிறகே அவருடைய பில் பாஸாக வேண்டும். மூன்றாவதைக் கறாராகக் கடைப்பிடித்தால்தான் அட்டவணை அடுத்த ஆண்டும் உயிரோடு இருக்கும்.

காகிதப் பிரதி ஒன்றை, தளவாரி வரைபடத்தோடு, செக்யூரிட்டி கேபினில் பூட்டிய பெட்டியில் வைப்போம். மின்சாரம் போன இரவில் கிளவுடில் உள்ள ஃபைல் யாருக்கும் உதவாது.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதற்கு முன், இந்த வாரமே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: உங்கள் பிளாக்கின் தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று உங்கள் தளத்தில் உள்ள நான்கு வீட்டில் கேளுங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறது என்பதைப் பொறுத்து, எந்தச் சனிக்கிழமை தொடங்கலாம் என்று நாம் முடிவு செய்வோம்.